ஐரோப்பியச் சட்டம் எதுவரை, ஜெர்மன் சட்டம் எதுவரை: பிரசவ காலத்தில் நான் தெரிந்துகொண்டவை

“அங்கெல்லாம் மூணு வருஷம் லீவு தருவாங்களாமே?” நான் கர்ப்பமாக இருக்கிறேன் என்று சொன்னதும் ஊரிலிருந்து போனில் பேசிய எல்லோரும் கேட்டது இதைத்தான். டுசல்டார்ஃபில் மென்பொருள் வேலைக்குச் சேர்ந்து, ப்ரோபட்சைட் என்கிற ஆறு மாதச் சோதனைக் காலம்கூட முடியாத நேரம் அது. புளூ கார்டு விசா. வேலை போனால் விசாவுக்கும் சிக்கல். லீவு எத்தனை மாதம் என்பதைவிட, வேலை இருக்குமா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. அதற்குப் பதில் தேடும்போதுதான் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் எங்கே நிற்கிறது, ஜெர்மனியின் சட்டம் எங்கே தொடங்குகிறது என்று புரிந்தது. இங்கே புதிதாக வந்திருக்கும் நம் பெண்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. ‘ஐரோப்பாவில் பிரசவ விடுப்பு இத்தனை மாதம்’ என்று ஒரே கணக்கு கிடையாது. 1992 அக்டோபரில் 92/85 என்ற எண்ணுள்ள டைரக்டிவை ஒன்றியம் கொண்டுவந்தது. டைரக்டிவ் என்பது உறுப்பு நாடுகளுக்கு ஒன்றியம் இடும் சட்டக் கட்டளை; இதில் ஒன்றியம் குறைந்தபட்ச அளவை வகுக்கும். ஒவ்வொரு நாடும் அதற்குக் குறையாமல் தன் சட்டத்தை எழுதிக்கொள்ள வேண்டும். அதன்படி தொடர்ச்சியாகக் குறைந்தது 14 வாரம் விடுப்பு, அதில் 2 வாரம் கட்டாயம். அந்தக் காலத்தில் கிடைக்கும் பணம், உடம்பு முடியாமல் விடுப்பில் இருந்தால் அந்த நாட்டில் சட்டப்படி என்ன கிடைக்குமோ அதற்குக் குறையக் கூடாது. வேலை நேரத்தில் பரிசோதனைக்குப் போனால் சம்பளம் பிடிக்கக் கூடாது. கர்ப்பம் தொடங்கிய நாளிலிருந்து விடுப்பு முடியும்வரை, கர்ப்பத்தோடு சம்பந்தமே இல்லாத விதிவிலக்கான காரணம் இருந்தாலொழிய வேலையிலிருந்து நீக்கக் கூடாது.

ஜெர்மனி அந்த 14 வாரத்தோடு நின்றுவிட்டது. பிரசவத்துக்கு முன் 6, பின் 8. குறைமாதப் பிரசவம், இரட்டைக் குழந்தை என்றால் பின்னால் 12. நெதர்லாந்தில் 16. பிரான்சில் முதல் குழந்தைக்கு 16, மூன்றாவதற்கு 26. பல்கேரியாவில் 410 நாள். இந்தியாவில் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். வாரக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டால், சென்னையில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் அண்ணி என்னைவிட எவ்வளவோ மேல்.

இந்த 14 வாரத்தைக் கூட்ட முயற்சி நடக்காமல் இல்லை. 2008-இல் ஐரோப்பிய ஆணையம் 18 வாரம் என்று முன்மொழிந்தது. 2010 அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் முழுச் சம்பளத்தோடு 20 வாரம் என்று வாக்களித்தது. உறுப்பு நாடுகளின் அரசுகள் ஒத்துவரவில்லை. வருடக்கணக்கில் கிடப்பில் கிடந்து, 2015-இல் அந்த முன்மொழிவையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எனக்கு இன்றும் இது ஆறாத விஷயம். குழந்தை பிறப்பு குறைகிறது என்று கவலைப்படும் அரசுகள்தான் அந்த ஆறு வாரத்தைக் கொடுக்க மறுத்தன.

ஆக, தாராளத்தை ஒன்றியச் சட்டத்தில் தேடக் கூடாது. அது நாட்டுக்கு நாடு மாறும். ஒன்றியச் சட்டத்தின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அது வேலைப் பாதுகாப்பில்.

இதை எனக்கு முதலில் எடுத்துச் சொன்னது வக்கீல் அல்ல. ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலில் பழக்கமான ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. இங்கே வந்து பல வருடமாகிறது. முதியோர் இல்லத்தில் வேலை, அங்கே பெட்ரீப்ஸ்ராட்டிலும் உறுப்பினர். பெட்ரீப்ஸ்ராட் என்பது ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் குழு. நிர்வாகம் யாரை நீக்குவதானாலும் முதலில் அந்தக் குழுவைக் கேட்டாக வேண்டும். அன்னதானக் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“எத்தினை பேருக்குச் சொன்னனீர்?”

“யாருக்கும் இல்லக்கா. ப்ரோபட்சைட் முடியட்டும்னு இருக்கேன்.”

“ப்ரோபட்சைட்டிலையும் நிப்பாட்டேலாது தங்கச்சி. பயப்பிடாதையும். ஆனால் வாயாலை சொன்னால் காணாது, எழுதிக் குடும். பிரதி ஒண்டு உம்மடை கையிலை இருக்கோணும். பிறகு அவையள் ஒரு கடதாசி நீட்டுவினம். அதிலை மட்டும் கையெழுத்து வைச்சுப் போடாதையும்.”

அக்கா சொன்னது அப்படியே நடந்தது. டாக்டர் கொடுத்த, பிரசவத் தேதி குறிப்பிட்ட சான்றிதழை இணைத்து எச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். உடனே வாழ்த்துச் செய்தி வந்தது. சில நாள் கழித்து ஒரு சந்திப்புக்கு அழைத்தார்கள். எச்.ஆர். அதிகாரி மிக மரியாதையாகப் பேசினார். ப்ராஜெக்ட் எதிர்பார்த்தபடி போகவில்லை, உங்கள் திறமைக்கு வேறு இடம் பொருத்தமாக இருக்கும், இரண்டு தரப்புக்கும் சுமுகமாக முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லி, இரண்டு தாளை என் பக்கமாகத் தள்ளினார். மேலே ஆஃப்ஹேபுங்ஸ்ஃபெர்ட்ராக், அதாவது இரு தரப்பும் ஒத்துக்கொண்டு வேலையை முடித்துக்கொள்ளும் ஒப்பந்தம், என்று தடித்த எழுத்தில் இருந்தது. கீழே என் பெயர் அச்சடிக்கப்பட்டு, கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது. தாளின் மேல் பேனாவையும் வைத்திருந்தார்கள்.

நம் ஆட்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். ஜெர்மன் தாய்மைப் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, கர்ப்ப காலம் முழுவதும், பிரசவத்துக்குப் பின் நான்கு மாதம்வரையும் வேலைநீக்கத்தைத் தடுக்கிறது. சோதனைக் காலத்திலும் அந்தத் தடை உண்டு. அபூர்வமான காரணங்களுக்காக நீக்க வேண்டுமென்றாலும் மாநிலத்தின் தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரிகளிடம் முதலாளி முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். நான் இருக்கும் நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் அது பெசிர்க்ஸ்ரெகீருங் என்ற அலுவலகம். ஆனால் நாமாகவே கையெழுத்துப் போட்டு விலகினால் இந்தத் தடை எதுவும் நம்மைக் காப்பாற்றாது. அது வேலைநீக்கம் அல்ல, இரு தரப்பு ஒப்பந்தம். வேலையின்மைப் பணத்தையும் 12 வாரம்வரை நிறுத்தி வைப்பார்கள். தாய்மை விடுப்புக் காலத்தில் முதலாளி தர வேண்டிய பணமும் போய்விடும்.

“வீட்டில் படித்துவிட்டுச் சொல்கிறேன்” என்று தாளை மட்டும் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். இந்த ஒரு வாக்கியம் போதும். அந்த அறையில் வாதாட வேண்டியதில்லை, சட்டப் பிரிவைச் சொல்ல வேண்டியதில்லை, அழ வேண்டியதுமில்லை. மறுநாள் காலை, ஒப்பந்தத்தில் எனக்கு விருப்பமில்லை, தொடர்ந்து வேலை செய்வேன் என்று இரண்டு வரி எழுதி அனுப்பினேன். அதன்பின் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இதில் ஐரோப்பியச் சட்டத்தின் பங்கு என்ன என்று கேட்கலாம். ஜெர்மன் சட்டமே இவ்வளவு உறுதியாக இருக்கும்போது லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் எதற்கு? நாட்டுச் சட்டம் சொல்லாமல் விட்ட இடங்களில் அது கை கொடுக்கிறது. நெதர்லாந்தில் டெக்கர் என்ற பெண்ணை, கர்ப்பம் என்ற காரணத்துக்காக வேலைக்கு எடுக்காமல் விட்டார்கள். 1990-இல் ஐரோப்பிய நீதிமன்றம், அது நேரடியான பாலினப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. கர்ப்பம் பெண்ணுக்கு மட்டுமே வரும் என்பதால், ஆணோடு ஒப்பிட்டுக் காட்டு என்று கேட்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. டென்மார்க்கில் ஆறு மாத ஒப்பந்தத்தில் சேர்ந்த பெண், சேர்ந்த அடுத்த மாதமே கர்ப்பம் என்று சொன்னார். ஒப்பந்தக் காலத்தின் பெரும்பகுதி அவரால் வேலை செய்யவே முடியாது என்ற நிலை. நீக்கிவிட்டார்கள். ‘முன்பே ஏன் சொல்லவில்லை’ என்பது நிறுவனத்தின் வாதம். சொல்ல வேண்டிய கடமை இல்லை, நீக்கியது தவறு என்று 2001-இல் தீர்ப்பு வந்தது. நேர்முகத் தேர்வில் ‘குழந்தை பெற்றுக்கொள்ளும் திட்டம் உண்டா’ என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று இங்கே தைரியமாகச் சொல்வதற்குப் பின்னால் இந்தப் பெண்கள் நடத்திய வழக்குகள் இருக்கின்றன.

ஆனால் ஒப்பந்தம் தற்காலிகமானது என்றால், அது முடியும் தேதியில் முடிந்துவிடும். கர்ப்பம் அதை நீட்டித்துத் தராது. இதை எதிர்பார்க்காமல் திகைத்துப்போன தோழிகள் எனக்குண்டு. ஒப்பந்தத்தில் ‘பெஃப்ரிஸ்டெட்’ என்ற சொல் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

அடுத்தது பணம். 14 வாரத்துக்கு முழுச் சம்பளம் வேண்டும் என்று ஒன்றியச் சட்டம் கேட்பதில்லை. 1996-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த கில்லெஸ்பி வழக்கின் தீர்ப்பே அதைச் சொல்லிவிட்டது. ஜெர்மன் சட்டம்தான் முழுதாகத் தருகிறது. அரசு காப்பீட்டில் இருந்தால் க்ராங்கன்காஸ என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒரு நாளைக்கு 13 யூரோவரை கொடுக்கும். கையில் வந்துகொண்டிருந்த சராசரிச் சம்பளத்துக்கு மீதியை முதலாளி கொடுக்க வேண்டும். இங்கே ஒரு முக்கியமான ஏற்பாடு இருக்கிறது. அப்படிக் கொடுத்ததை முதலாளி முழுவதுமாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார். எல்லா நிறுவனங்களும், ஆண்கள் மட்டுமே வேலை பார்க்கும் நிறுவனமாக இருந்தாலும், ‘யூ2’ என்ற பொது நிதிக்குக் கட்டணம் செலுத்துகின்றன. அதிலிருந்து அந்தப் பணம் வருகிறது. முன்பு இது சின்ன நிறுவனங்களுக்கு மட்டும் இருந்தது. பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்க இது காரணமாகிறது என்று ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம் 2003-இல் கண்டித்த பிறகு, 2006-இலிருந்து எல்லா முதலாளிகளுக்கும் விரிந்தது.

இந்தியாவின் 26 வாரத்தோடு ஒப்பிட வேண்டியது இதை. அங்கே இ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு ஆறு மாதச் சம்பளத்தையும் அந்த ஒரு முதலாளியே தன் கையிலிருந்து தர வேண்டும். கல்யாணமான, குழந்தை இல்லாத பெண்ணை நேர்முகத் தேர்வில் ஏற இறங்கப் பார்ப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்றே நினைக்கிறேன். விடுப்பு நீளமாக இருப்பது மட்டும் போதாது; அதன் செலவை யார் தாங்குகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஊர்க்காரர்கள் கேட்ட ‘மூணு வருஷம்’ என்பது எல்டர்ன்ட்சைட், அதாவது பெற்றோர் விடுப்பு. அம்மா அப்பா இருவருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று வருடம்வரை உண்டு. வேலை காத்திருக்கும், சம்பளம் வராது. அந்தக் காலத்தில் அரசு தரும் பணம் எல்டர்ன்கெல்ட். பொதுவாக, முன்பு வாங்கிய நிகரச் சம்பளத்தில் 65 முதல் 67 சதவீதம். குறைந்தது 300, அதிகபட்சம் 1,800 யூரோ. ஒருவர் மட்டும் எடுத்தால் 12 மாதம், இருவரும் பிரித்து எடுத்தால் 14. புளூ கார்டு வைத்திருப்பவர்களுக்கும் உண்டு. தாய்மைப் பணம் வந்த மாதங்களை இந்த 12-இல் கழித்துக்கொள்வார்கள் என்பதை நினைவில் வைத்துக் குடும்பக் கணக்கைப் போடுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் பின்தேதியிட்டுத் தர மாட்டார்கள், ஆகவே பிறப்புச் சான்றிதழ் வந்ததும் விண்ணப்பித்துவிட வேண்டும்.

நிகரச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவதால் வரி வகுப்பு, அதாவது மாதச் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பார்கள் என்பதை முடிவுசெய்யும் எண், முக்கியமாகிறது. நம் குடும்பங்களில் கணவருக்கு 3, மனைவிக்கு 5 என்று வைத்திருப்பது வழக்கம். மொத்த வரியில் வருட முடிவில் வித்தியாசமில்லை. ஆனால் 5-ஆம் வகுப்பில் மனைவியின் மாத நிகரம் சுருங்கிவிடும், எல்டர்ன்கெல்டும் அதோடு சுருங்கும். கணக்கில் எடுக்கும் 12 மாதத்தில் எந்த வகுப்பு அதிக மாதம் இருந்ததோ அதைத்தான் பார்ப்பார்கள். எனவே தாய்மை விடுப்பு தொடங்கும் மாதத்துக்குக் குறைந்தது ஏழு மாதம் முன்பே மாற்றியிருக்க வேண்டும். கர்ப்பம் உறுதியானதும் முதல் வேலையாக இதைச் செய்தால்தான் முடியும். இந்த விஷயத்தில் ஐரோப்பியச் சட்டம் எதுவும் சொல்வதில்லை. முழுக்க உள்நாட்டு விதி. எனக்குப் பணமாக அதிகம் பயன்பட்டதும் இதுதான்.

பெற்றோர் விடுப்புக்கு, அது தொடங்குவதற்கு ஏழு வாரம் முன்பு தெரிவிக்க வேண்டும். தாய்மை விடுப்பு முடிந்த கையோடு தொடர வேண்டுமென்றால், குழந்தை பிறந்த ஒரு வாரத்துக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும் என்று அர்த்தம். 2025 மே மாதத்திலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்கு மின்னஞ்சலே போதும். முன்பு பேனாவால் கையெழுத்திட்ட தாள் இல்லாவிட்டால் செல்லாது. தையல் வலியோடு படுத்திருக்கும்போது இதை யோசிக்க முடியாது. தேதியை மட்டும் காலியாக விட்டு எழுதி வைத்திருந்தேன். குழந்தை பிறந்ததும் என் கணவர் நிரப்பி அனுப்பினார்.

வருடாந்தர விடுமுறை விஷயத்தில் இரண்டு விடுப்பும் வேறு வேறு. தாய்மை விடுப்பில் இருந்த நாட்களுக்கும் வருட லீவு சேரும். அந்த லீவும் தாய்மை விடுப்பும் ஒரே சமயத்தில் வந்துவிட்டால், லீவைப் பின்னால் எடுத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று ஸ்பெயினின் மெரினோ கோமெஸ் வழக்கில் 2004-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. ஆனால் பெற்றோர் விடுப்புக்கு அப்படி இல்லை. ருமேனியாவில் டிகு என்ற நீதிபதி, பெற்றோர் விடுப்பில் இருந்த காலத்துக்கும் லீவு கேட்டு வழக்குப் போட்டார். அதை வேலை செய்த காலமாகக் கொள்ள வேண்டியதில்லை என்று 2018-இல் தீர்ப்பு. ஜெர்மனியிலும் முழுதாகப் பெற்றோர் விடுப்பில் போகும் ஒவ்வொரு மாதத்துக்கும் லீவில் பன்னிரண்டில் ஒரு பங்கை முதலாளி குறைக்கலாம். நீதிபதியே வழக்காடியும் கிடைக்காத ஒன்று அது.

அப்பாக்களைப் பற்றி: 2019-ஆம் ஆண்டின் 1158-ஆம் எண் டைரக்டிவ், குழந்தை பிறந்ததும் தந்தைக்கு 10 வேலை நாள் விடுப்பு, பெற்றோர் ஒவ்வொருவருக்கும் நான்கு மாத விடுப்பு, அதில் இரண்டு மாதத்தை மற்றவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது என்று வைத்தது. 2022 ஆகஸ்டுக்குள் எல்லா நாடும் அமல்படுத்த வேண்டும். ஜெர்மனி அந்த 10 நாளுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவரவில்லை. தன்னிடம் இருக்கும் பெற்றோர் விடுப்பே போதும் என்பது அதன் நிலை. நடைமுறையில், பிறந்த முதல் மாதத்தையே கணவர் பெற்றோர் விடுப்பாக எடுப்பதுதான் வழி, அதற்கும் ஏழு வாரம் முன்பே சொல்லியாக வேண்டும். என் மாமியாருக்கு விசா தாமதமான அந்த நாட்களில் என் கணவர் வீட்டில் இருந்திராவிட்டால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இந்தியக் கம்பெனியின் ஒப்பந்தத்தில், டெபுடேஷனில் வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘நீங்கள் இந்தியச் சட்டத்தின் கீழ் இருக்கிறீர்கள்’ என்று மேலாளர் சொன்னால் அதோடு பேச்சு முடிந்துவிடாது. இங்கே வேலை செய்யும் காலத்தில், கர்ப்பிணிகளுக்கான ஜெர்மன் வேலைப் பாதுகாப்பு விதிகள் அனுப்பப்பட்டு வந்தவர்களுக்கும் பொருந்தும். இரவு வேலை, கூடுதல் நேரம், ஆபத்தான வேலை பற்றியவை எல்லாம் அதில் அடக்கம். சென்னை நேரத்துக்கோ அமெரிக்க நேரத்துக்கோ ஏற்ப இரவு எட்டு மணிக்கு மேல் மீட்டிங் போட்டால், உங்கள் சம்மதமும் அதிகாரிகளின் அனுமதி நடைமுறையும் இல்லாமல் அது செல்லாது. சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

கடைசியாக, எல்லாவற்றையும் மீறி வேலைநீக்கக் கடிதம் வந்துவிட்டால். மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ வந்தால் இங்கே அது வேலைநீக்கமே அல்ல. கையெழுத்திட்ட தாள் வேண்டும். தாள் வந்த தேதியை உறையின் மேலேயே எழுதி வையுங்கள். கர்ப்பம் முதலாளிக்குத் தெரியாதென்றால் இரண்டு வாரத்துக்குள் தெரிவியுங்கள். மூன்று வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும்; தவறினால், சட்டவிரோதமான நீக்கமும் செல்லுபடியாகிவிடும். அந்த மூன்று வாரம் கழிந்த பிறகே கர்ப்பம் தெரியவந்தால்? ஜெர்மன் சட்டம் அதற்கு இரண்டு வாரம்தான் தருகிறது. மைன்ஸ் நகரத்துத் தொழிலாளர் நீதிமன்றம், ஒரு முதியோர் இல்ல ஊழியரின் வழக்கில் இதை லக்சம்பர்குக்கு அனுப்பியது. சாதாரணத் தொழிலாளிக்கு மூன்று வாரம், கர்ப்பிணிக்கு இரண்டு வாரம் என்பது மிகக் குறைவு, அவளுடைய உரிமையை நிலைநாட்டவே விடாத அளவு கடினமாகத் தெரிகிறது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2024 ஜூன் 27 அன்று சொன்னது. அதற்காகத் தாமதிக்காதீர்கள். அந்தத் தீர்ப்பு தாமதமாகத் தெரியவந்தவர்களுக்கு; தெரிந்தவர்களுக்குக் கெடு அதே மூன்று வாரம்தான்.

வழக்குப் போட வக்கீல் கட்டாயமில்லை. தொழிலாளர் நீதிமன்றத்தில் ரெஹ்ட்ஸ்ஆன்ட்ராக்ஸ்டெல்ல என்று ஒரு பிரிவு இருக்கும். அங்கே ஒப்பந்தம், வேலைநீக்கக் கடிதம், டாக்டர் சான்றிதழ் மூன்றையும் எடுத்துக்கொண்டு போனால், நீங்கள் சொல்லச் சொல்ல மனுவை அவர்களே எழுதித் தருவார்கள். ஜெர்மன் தடுமாறினால் மொழி தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். ஃபேர் இன்டகிரேஷன் என்ற ஆலோசனை மையங்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கட்டணமில்லாமல் வழிகாட்டுகின்றன. கடிதம் வந்த அன்றே போன் செய்து நேரம் கேளுங்கள்.